மாடியில் குடியிருப்பவர்களும் மொபைலில் வந்தவர்களும்

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கத்தோலிக்கர், கணவரை இழந்தவர். மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறார். இருபத்தொரு வயது மகள் டிகிரி முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். மாடி போர்ஷனில் ஏழு வருடமாக உருது பேசும் முஸ்லிம் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது. குடும்பத் தலைவருக்கு மாங்காய் மண்டியில் கமிஷன் வியாபாரம். அவருடைய மகனும் அதே தேர்வுக்குப் படிப்பதால் இருவரும் நூலகத்துக்குப் போவதும் நோட்ஸ் மாற்றிக்கொள்வதும் உண்டு. ஒரு மழை நாளில் அந்தப் பையனின் பைக்கிலிருந்து மகள் இறங்கியதை வாசகி பார்த்திருக்கிறார். அதே வாரம் அன்பியம் (பங்குக் கோவிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக் குழு) வாட்ஸ்அப் குரூப்பில் ‘நம் பெண் பிள்ளைகள் ஜாக்கிரதை’ என்ற நாலு நிமிட வீடியோ வந்திருக்கிறது. அதை அவர் உறவினர்களுக்கும் பழைய ஆசிரியர் குரூப்புக்கும் அனுப்பினார். கூடவே, ‘இது நம்ம மாடி வரைக்கும் வந்துடுச்சு’ என்று ஒரு வரியும் சேர்த்தார். அந்த வரியின் ஸ்கிரீன்ஷாட் மாடிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது அவர் துணி காயப்போட மேலே போனால் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம்.

அவர் கேட்பது இவை. மாடியை உடனே காலி செய்ய வைக்க முடியுமா? முன்னெச்சரிக்கையாகப் பையன் மேல் போலீசில் எழுதிக் கொடுக்கலாமா? ஃபார்வர்ட் செய்ததற்காகத் தன்மேல் வழக்கு வருமா? கூடவே இரண்டு ஆதங்கங்கள். மாடி வீட்டுச் சின்னப் பெண், ‘உங்க வீட்ல சாப்பிடக் கூடாதுன்னு தாதி சொன்னாங்க, நீங்க எல்லாரும் குடிப்பீங்களாம்’ என்றாளாம். தாதி என்றால் அப்பாவின் அம்மா. வாசகியின் கணவர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. இன்னொன்று, ‘எங்கள் 3.5 சதவீத இட ஒதுக்கீட்டைப் பிடுங்கித்தான் அவர்களுக்குக் கொடுத்தார்கள்’ என்று குரூப்பில் படித்தது.

அம்மா, உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் தாய்க்கு வரும் பயம் அது. ஆனால் உங்கள் கடிதத்தை ஒரு வழக்குக் கட்டைப் படிப்பதுபோலத்தான் படித்தேன். எங்கள் தொழிலில் முதல் வேலை சாட்சியத்தைப் பிரிப்பது. கண்ணால் பார்த்ததைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும், காதால் கேட்டதைக் கேட்டவர்தான் சொல்ல வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பால பாடம். ‘இப்படிச் சொல்லிக்கிறாங்க’ என்பதைக் கோர்ட்டில் வாயெடுத்ததுமே எதிர்த்தரப்பு எழுந்துவிடுவார்.

அப்படிப் பிரித்தால் நீங்களே பார்த்தவை அரைப் பக்கத்துக்கு மேல் தேறவில்லை. ஏழு வருடமாக ஐந்தாம் தேதி தாண்டாமல் வாடகை வந்திருக்கிறது. டேங்கில் தண்ணீர் வழிந்தபோது பாய் ஏறி வால்வை மாற்றியிருக்கிறார். மழையில் உங்கள் பெண் ஒரு பைக்கில் வந்து இறங்கியிருக்கிறாள், அதுவும் தெருமுனையில் இல்லை, உங்கள் வாசலிலேயே. மறைக்க நினைக்கிறவர்கள் வாசலில் வந்து இறங்குவதில்லை. மீதி மூன்றரைப் பக்கத்தில் பெரும்பகுதி மொபைலிலிருந்து வந்தது. ‘அவங்க பிளான் பண்ணித்தான் பழகுவாங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய குடும்பத்தைப் பற்றி எழுதும்போதும் உங்கள் பேனாவில் ‘இவர்கள்’ வரவில்லை, ‘அவங்க’தான் வருகிறது.

அந்த வீடியோ

நீங்கள் அனுப்பியதால் நானும் பார்த்தேன், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எடுத்தவுடன் சைரன் சத்தம். அடுத்து சிசிடிவி காட்சி மாதிரி ஒன்று. ஒரு பெண் காரில் ஏறுகிறாள், பையனைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஓர் அம்புக்குறி. மூலையில் தேதியும் நேரமும் இருக்கின்றன, ஆனால் காட்சி ஓட ஓட விநாடி எண் நகரவே இல்லை. கம்பத்தில் மாட்டிய கேமரா ஒரே இடத்திலிருந்துதான் பார்க்கும். இதிலோ பெண்ணின் முகம் ஒரு பக்கத்திலிருந்தும் காரின் கதவு இன்னொரு பக்கத்திலிருந்தும் தெரிகிறது. ஆரம்பத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். முதல் விநாடியில், கீழே, பொடி எழுத்தில், ‘விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட கற்பனைக் காட்சி’ என்று வந்து மறைகிறது. நடிகர்களை வைத்து எடுத்த நாடகம் அது. அதற்குப் பிறகு ஏதோ டிவி விவாதத்தின் துண்டு. ஆறு கட்டங்களில் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், மேலே தமிழில் ஒரு குரல் பேசுகிறது. நாலு நிமிடத்தில் எந்த ஊர், எந்த ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். நம்பர் என்ன என்று ஒரு சொல் இல்லை. எங்கள் ஆபீஸ் ஜூனியர் கொண்டுவந்திருந்தால் ‘இதை வைத்துக்கொண்டு நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது’ என்று திருப்பிக் கொடுத்திருப்பேன்.

வீடியோவுக்கு மேலே இரட்டை அம்புக்குறியும் ‘பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது’ என்ற குறிப்பும் இருந்தன. வாட்ஸ்அப் இப்படி ஃபார்வர்டுகளைக் கட்டுப்படுத்த ஆரம்பித்தது எதனால் தெரியுமா? 2018 மே மாதம் வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டி பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகப்பட்டு அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். வேறு மாநிலங்களிலும் இதே வதந்தியால் உயிர்கள் போயின. அதன் பிறகுதான், அந்த ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வந்தது. சாக்லேட் கொடுத்தவர் தமிழ்ப் பெண்மணிதான். கூட்டத்தின் கண்ணுக்கு அவர் தெரியவில்லை, போனில் பார்த்த ஆள்தான் தெரிந்தார்.

‘கேரளாவில் பிஷப்புகளே சொல்லிவிட்டார்கள்’ என்கிறீர்கள். 2020 ஜனவரியில் கேரளக் கத்தோலிக்கப் பிரிவான சீரோ மலபார் சபையின் ஆயர் மாமன்றம் ‘லவ் ஜிகாத்’ பற்றிக் கவலை தெரிவித்தது உண்மைதான். அடுத்த மாதமே, பிப்ரவரி 4-ம் தேதி, கேரள எம்.பி. ஒருவரின் கேள்விக்கு மத்திய உள்துறை இணை அமைச்சர் மக்களவையில் எழுத்துமூலம் பதில் கொடுத்தார். அப்படி ஒரு சொல்லுக்கு நடைமுறையில் இருக்கும் சட்டங்களில் விளக்கம் இல்லை, மத்திய விசாரணை அமைப்புகள் எதுவும் அப்படியொரு வழக்கைத் தெரிவிக்கவில்லை என்பது பதில். முதல் செய்தி உங்கள் குரூப்புக்கு வந்தது. இரண்டாவது வந்ததா?

2020-ம் 2022-ம்

2020 ஏப்ரலில், தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் அமைப்பு டெல்லியில் நடத்திய மாநாட்டை வைத்து, கொரோனாவை ஒரு சமூகமே திட்டமிட்டுப் பரப்புகிறது என்று சேனல்கள் அலறின. உங்கள் கடிதத்திலும் அந்த வரி இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர் மேல் போட்ட வழக்குகளை ரத்து செய்தது. பத்திரிகைகளும் டிவிகளும் அவர்களுக்கு எதிராகப் பெரிய பிரச்சாரமே நடத்தின என்று தீர்ப்பில் எழுதியது. அலறியபோது கேட்ட அளவுக்கு அந்தத் தீர்ப்பு யார் காதிலும் விழவில்லை.

2022 ஜனவரிக்கு வாருங்கள். தஞ்சாவூர் மாவட்டம் மைக்கேல்பட்டியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் படித்த ஒரு மாணவியின் மரணம். விசாரணை சூடு பிடிக்கும் முன்பே வடக்கத்திச் சேனல்கள் ‘மதமாற்றக் கொடுமை’ என்று தீர்ப்பு எழுதிவிட்டன. வழக்கு சிபிஐக்கு மாறியதே ஜனவரி 31-ம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவில்தான். அதற்குள் நாடு முழுக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி என்றாலே சந்தேகம். ‘அந்த மாதம் பெற்றோர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது, முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவளை அரிசி மூட்டைக்கு மதம் மாறினவள் என்று ஒருத்தர் சொன்னார்’ என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தையும் முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஆட்கள்தான் வேறு. கதையைச் சொல்கிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள். ஏப்ரலில் அவர்களை நம்பினீர்கள். ஜனவரியில் அவர்கள் உங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் நூறில் சுமார் ஆறு பேர் முஸ்லிம்கள், சுமார் இரண்டு பேர் கிறிஸ்தவர்கள். இந்த எட்டுப் பேரும் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்வது பெரும்பாலும் எட்டுக்கு வெளியே தயாராகும் படங்களிலிருந்துதான். தாதி உங்கள் வீட்டில் யாரும் குடித்துப் பார்த்ததில்லை. சினிமாவில் பார்த்திருக்கிறார். பழைய தமிழ்ப் படங்களில் வில்லனின் அடியாளுக்கு பீட்டர் என்றோ டேவிட் என்றோ பெயர் இருக்கும், கழுத்தில் சிலுவை, கையில் கிளாஸ். கிளப்பில் ஆடும் பெண் என்றால் மேரி அல்லது ரோஸி. பாய் என்றால் ஒரு காலத்தில் ‘நம்பள் நிம்பள்’ பேசும் நல்ல மனிதர், தொண்ணூறுகளுக்குப் பிறகு அதே தாடிக்குப் பின்னால் வெடிகுண்டு. நம் ஊரில் தக்கனி உருது பேசுகிறவர்கள் அதியமான்கோட்டை பேருந்தில் ஏறினாலும் ஓசூர் மார்க்கெட்டில் பேரம் பேசினாலும் நம்மைப் போலவே தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுகிறார்கள். படத்தில் அந்த ஆள் வருவதே இல்லை. கிழவி சொன்னதில் உங்களுக்கு வலித்தது நியாயம். நீங்கள் சேர்த்த அந்த ஒரு வரி மேலே எப்படி விழுந்திருக்கும் என்பதைக் கணக்குப் போட அந்த வலியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘அவங்க பையன்கள் நம்ம பெண்களை மயக்குகிறார்கள்’ என்ற கதை நம் பக்கத்துக்குப் புதிதா? ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி மயக்குகிறார்கள் என்று தலித் இளைஞர்களைப் பற்றி மேடை போட்டுச் சொன்னார்கள். 2012 நவம்பர் 7-ம் தேதி தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். ஒரு கல்யாணத்தைச் சொல்லித்தான் அது நடந்தது. பிறகு அதே கதை வேறு பெயர் மாட்டிக்கொண்டு உங்கள் அன்பியம் குரூப்புக்கு வந்திருக்கிறது.

மகளும் போலீஸ் புகாரும்

உங்கள் பெண்ணுக்கு வயது இருபத்தொன்று. சட்டத்தின் கண்ணில் அவள் மேஜர். யாரோடு பழகுவது, யாரைக் கல்யாணம் செய்வது என்பது அவள் முடிவு. மதம் மாறித் திருமணம் செய்துகொண்ட கேரளப் பெண் ஹாதியாவின் வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. மதம் மாறாமலேயே கல்யாணம் செய்துகொள்ள 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து. இதைச் சொல்வதால் அவர்களுக்குள் காதல் என்று நான் சொல்லவில்லை. அவளிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. வீடியோவை நாற்பது பேருக்கு அனுப்பினீர்கள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேளுங்கள். ‘உன்னை நம்பறேன், ஆனா பயமா இருக்கு’ என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் பேசுவார்கள். ‘அந்தப் பாய் பையனோட என்ன பேச்சு’ என்று ஆரம்பித்தால் பேசாமல் போய்விடுவார்கள். பிறகு நிஜமாகவே ஏதாவது பிரச்சினை வந்தால்கூட உங்களிடம் வரமாட்டார்கள்.

பையன் மேல் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள். அவன் என்ன குற்றம் செய்தான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டால் ‘நோட்ஸ் கொடுத்தான்’ என்றா சொல்வீர்கள்? பொய்யென்று தெரிந்தே ஒருவருக்குத் தீங்கு வரவேண்டும் என்று தகவல் கொடுத்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 217, பொய்க் குற்றச்சாட்டுக்கு 248 என்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன. போலீஸ் விசாரணை என்று பெயர் ஒருமுறை ஏறிவிட்டால், அரசு வேலைக்கான சரிபார்ப்பில் அந்தப் பையன் ஒவ்வொரு படியிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் பெண்ணின் பெயரும் அதே காகிதத்தில்தான் இருக்கும்.

அவளை யாராவது பின்தொடர்ந்தால், மிரட்டினால், படத்தை வைத்துப் பணிய வைத்தால், யார் என்பதையே மறைத்து ஏமாற்றினால் அதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறது. 181-ஐ அழைக்கலாம், மகளிர் காவல் நிலையம் போகலாம். அந்தப் பிரிவுகள் எதுவும் குற்றவாளியின் பெயர் எந்த மதத்துப் பெயர் என்று கேட்பதில்லை.

மாடியைக் காலி செய்ய வைப்பது

தண்ணீரை நிறுத்தினால் தானே போய்விடுவார்கள் என்று உங்கள் கொழுந்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு எதையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் அவர்கள் ஒரு மனு போட்டாலே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிடும். காலி செய்ய வைப்பதும் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான், அதுவும் சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால்தான். வாடகை பாக்கி, வேறு ஆளுக்கு உள்வாடகை விட்டது, வீட்டைத் தவறான காரியத்துக்குப் பயன்படுத்தியது, உங்கள் சொந்தத் தேவை, இப்படி. மதம் அந்தப் பட்டியலில் இல்லை.

உங்களுக்குச் சாதகமான விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்களிடம் வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான். எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியதும் புதிய சட்டத்தில் வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணம். ஆக வழி அடியோடு அடைபடவில்லை. ஆனால் கேஸ் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது உங்கள் வாட்ஸ்அப் வரியாகத்தான் இருக்கும்.

புதிதாக வாடகைக்கு விடும்போது ‘இன்ன மதத்தாருக்குத் தரமாட்டேன்’ என்று தனியார் வீட்டுக்காரர் சொன்னால் நேரடியாகத் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. பாகுபாடு கூடாது என்ற அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு முதலில் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. பார்சிகளுக்கு மட்டும் என்று ஒரு வீட்டுவசதிச் சங்கம் விதி வைத்ததை 2005-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றும் கொண்டது. உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் பெங்களூரில் உங்கள் மகனுக்கு, பெயரைக் கேட்டதும் மூன்று இடத்தில் ‘வீடு இல்லை’ என்றார்களே, அதுவும் இதே ஓட்டைக்குள்தான் நடந்தது.

நீங்கள் அனுப்பிய ஃபார்வர்ட்

உங்கள் கேள்விகளில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான். ‘நான் எடுக்கவில்லையே, அனுப்பினேன், அவ்வளவுதானே’ என்கிறீர்கள். ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று 2018 மே மாதமே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவைப் பகிர்ந்த முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரின் முன்ஜாமீன் வழக்கு அது. 2023 ஆகஸ்டில் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்துவிட்டார் என்று வாதாடினார்கள். எடுபடவில்லை. நீங்களோ படித்துவிட்டு, சொந்தமாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்.

சமூகங்களுக்கு இடையே பகையை வளர்ப்பதற்கு நியாய சன்ஹிதாவில் 196-வது பிரிவு இருக்கிறது, வதந்தி பரப்புவதற்கு 353. இரண்டிலும் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. பகையைத் தூண்டும் நோக்கத்தை போலீஸ் நிரூபிக்க வேண்டும், உங்கள் விஷயத்தில் அது சுலபமில்லை என்பது என் கருத்து. அவதூறு வேறு விஷயம். ‘நம்ம மாடி’ என்றால் எந்தக் குடும்பம் என்று அந்தக் குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். பெயர் எழுதாதது பெரிய பாதுகாப்பு இல்லை. உங்கள் அன்பியம் குரூப் அட்மின் பயந்துபோயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லாதவரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021-ல் மதுரை அமர்வு சொல்லியிருக்கிறது, அவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் அவர்களிடம் இருக்கிறது, நீங்கள் மட்டும் அழித்தால் மறைத்ததாகத்தான் தெரியும். அனுப்பிய எல்லாக் குரூப்பிலும், எந்தக் குரூப்பையும் விடாமல், இப்படி எழுதுங்கள்: ‘நான் அனுப்பிய வீடியோ நடித்து எடுத்தது என்று தெரியவந்தது. சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். எங்கள் மாடி வீட்டுக்காரர்களைப் பற்றி நான் சேர்த்த வரிக்கு எந்த ஆதாரமும் இல்லை, அதைத் திரும்பப் பெறுகிறேன்.’ இவ்வளவு போதும். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று இழுக்காதீர்கள், புண்பட்டவர் யார் என்று உங்களுக்கே தெரியும். முதலில் மாடிக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு, பிறகு குரூப்பில் போடுங்கள். அந்த வரியை அவர்கள் இன்னொரு ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்க வேண்டாம்.

வீடியோவை யூடியூபில் பார்த்தால் அங்கேயே புகார் பொத்தான் இருக்கிறது. விவாதத்தை ஒளிபரப்பிய சேனலுக்குப் புகார் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் சேனலுக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால்தான் அடுத்த கட்டமான சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு. நிகழ்ச்சியின் பெயரும் தேதியும் நேரமும் இல்லாத புகார் குப்பைக்குப் போகும், ஆகவே அந்தத் துண்டு எந்த நிகழ்ச்சி என்று கண்டுபிடித்த பிறகு எழுதுங்கள்.

3.5 சதவீதம்

இதில் குரூப்பில் சொன்னது தலைகீழ். 2007-ல் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள்ளிருந்தே கிறிஸ்தவர்களுக்கு 3.5, முஸ்லிம்களுக்கு 3.5 என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தனியாகப் பிரித்துக் கொடுத்தது. தனியாகப் பிரித்ததில் நமக்கு நஷ்டம், பொதுவான பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே அதிக இடம் கிடைத்துக்கொண்டிருந்தது என்று கிறிஸ்தவத் தரப்பே கேட்டுக்கொண்டதால் 2008-ல் அவர்களுக்கான உள்ஒதுக்கீடு விலக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கானது தொடர்கிறது. யாரும் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. நீங்கள் அப்போது பணியில் இருந்தவர், ஆசிரியர் அறையில் இதைப் பேசியிருப்பீர்கள். பதினைந்து வருடம் கழித்து ஒரு ஃபார்வர்ட் வந்து, நீங்கள் நேரில் பார்த்ததையே மாற்றிச் சொன்னது, நீங்களும் சரி என்றுவிட்டீர்கள்.

இனி செய்ய வேண்டியது

மாடி வீட்டாரோடு உட்கார்ந்து எழுத்து வாடகை ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். அவர்கள் இருந்தாலும் போனாலும் அது இருவருக்கும் பாதுகாப்பு. அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மாத நோட்டீஸ், தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவது என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். மனசு கசந்துவிட்டது, சேர்ந்து இருக்க முடியாது என்று இரு தரப்புக்கும் தோன்றினால் நியாயமான காலக்கெடு போட்டு, அட்வான்ஸைப் பைசா குறையாமல் கொடுத்துப் பிரிந்துகொள்ளலாம், அதில் தவறே இல்லை. மாம்பழ சீசனில் மட்டும் காலி செய்யச் சொல்லாதீர்கள், அவருக்கு வருடத்தின் வருமானமே அந்த மூன்று மாதம்தான்.

தாதி சொன்னதைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்க வேண்டாம். பிள்ளை சொன்னதைச் சாட்சியாக வைத்துக் கிழவியை விசாரித்தால் அந்தப் பிள்ளை இனி உங்கள் படியேறாது. உங்கள் வரியை நீங்கள் திரும்பப் பெற்ற பிறகு, அவர்கள் வீட்டுக்குள் அது எப்படித் தீரும் என்பதை அவர்களிடமே விடுங்கள்.

நேரில் பேச நாக்கு எழவில்லை என்றால் கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் 15100. வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச ஏற்பாடு செய்வார்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மாடி வீட்டம்மாவுக்கும் அதே உரிமை உண்டு, உங்கள் மேல் புகார் கொடுப்பதற்கும் சேர்த்து. அவர் இன்னும் அங்கே போகவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர் போவதற்குள் நீங்கள் மாடிக்குப் போய்வருவது நல்லது.